பாழ்வீட்டில் காய்ச்சிய பால்

போடியில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுக்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் மலையில் வீடு கட்ட வேண்டும் என்று யாராவது வாயெடுத்தால் எல்லாரும் கை காட்டுவது ஒரே ஆளைத்தான். பிளான் சிவக்குமார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏலக்காய்க் கடை மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஆள் நடையில் ஒரு மிடுக்கு இருக்கும். இருக்காதா பின்னே? சர்க்கார் போட்ட பூட்டுக்கு அவனிடம் கள்ளச்சாவி இருந்தது.

பூட்டு இதுதான். ஈத்தம்பாறை மாதிரியான பாதுகாக்கப்பட்ட மலைக் கிராமங்களில் சரிவான நிலத்தில் புதிதாக வீடு கட்டக் கூடாது. சொந்தப் பட்டா நிலமாகவே இருக்கட்டும், கூடாது. மரம் வெட்டக் கூடாது, ஜேசிபியைக் கொண்டுபோய் மண்ணைக் கீறக் கூடாது. நியாயமான விதிதான். ஐப்பசி மழையில் ஒரு தோட்டமே வழுக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த விதிக்குள் ஒரு சின்னச் சந்து இருந்தது. ஏற்கெனவே அங்கே ஒரு வீடு இருந்து, அது தானாக இடிந்து போயிருந்தால், அதே அஸ்திவாரத்தின் மேல் அதே அளவில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். காலங்காலமாகக் குடியிருந்தவன் மழைக்கு வீட்டைப் பறிகொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்த வரி. அந்தப் புண்ணியத்தில்தான் சிவக்குமாரின் பிழைப்பு ஓடியது.

பழைய வீடு இல்லாத இடத்தில் பழைய வீட்டை உண்டாக்குவது அவன் தொழில். பொட்டிபுரத்துக் கொத்தனார் பாண்டியராஜன் அவனுக்கு வலது கை. ஓடைக்கல்லைச் சுமந்து வந்து, செம்மண் சாந்தில் சுவர் எழுப்புவார்கள். எழுப்பியதும் அவர்களே கடப்பாரையால் நெம்பிப் பாதியைத் தள்ளுவார்கள். புளித்த மோரையும் சாணியையும் கரைத்துச் சுவரில் அடித்தால் ஒரு மழைக்குள் பாசி பிடித்துவிடும். சிலமலையில் இடித்த வீட்டு நாட்டு ஓடுகளை உள்ளே சிதற விடுவார்கள். மாடக்குழியில் எண்ணெய்க் கறை, மூலையில் உடைந்த ஆட்டுக்கல், அடுப்பங்கரையில் மண் அடுப்பு. அடுப்புக்குக் கரி ஏற்ற, பழைய ஜீப் டியூபை வெட்டிப் போட்டுக் கொளுத்துவார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சிவக்குமாரின் புளுகு பாசி பிடித்து, செடி முளைத்து, முத்திரையும் வாங்கிக்கொண்டு, மலையில் அங்கங்கே சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாக நின்றது.

இத்தனை பேருக்கு வீடு வாங்கிக் கொடுத்தவனுக்குச் சொந்த வீடு கிடையாது. அவனும் அவன் மனைவி பவதாரணியும் கல்யாணம் ஆன நாளிலிருந்து போடியில் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்காரர்கள் எவரும் சுவரில் ஆணி அடிக்க விடுவதில்லை. அவர்களுடைய கல்யாணப் போட்டோ எந்த வீட்டுக்குப் போனாலும் அரிசி மூட்டை மேல் சாய்ந்துதான் நின்றது.

"ஊருக்கெல்லாம் கட்டித் தர்றீங்க. எனக்கு ஒரு செவுரு வேணும்ங்க. யாரையும் கேக்காம நாலு ஆணி அடிக்கணும்" என்றாள் ஒருநாள்.

ஈத்தம்பாறையில் அவளுடைய அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலம் இருந்தது. சரிவில் காப்பிச் செடி, எலுமிச்சை, இரண்டு இலவமரம். அங்கே நின்றால் கீழே போடியின் மில் கூரைகளும் சிலமலை வயல்களும் துணி விரித்தாற்போலத் தெரியும். காற்று ஏலக்காய் வாசத்தோடு இறங்கும். அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவளை அவனுக்கு உயிர். "பங்குனிக்குள்ள நீ ஆணி அடிக்கிற" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

சொந்தக் காரியம் என்பதால் இந்த முறை சிவக்குமார் எதிலும் குறை வைக்கவில்லை. சுவரும் ஓடும் மட்டும் போதாது. குடியிருந்த ஆள் வேண்டும். காவல் குடிசை இருந்தது, காய் காயவைக்கிற கொட்டகை இருந்தது என்றெல்லாம் சொன்னால் செல்லாது, குடும்பம் இருந்திருக்க வேண்டும். தீர்வை ரசீது எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் வேண்டும். உட்கார்ந்து யோசித்தவன் ஒரு கதையைப் பின்னினான். ஈத்தம்பாறையில் அந்த நிலத்தை ஒட்டி முதல் வீட்டில் இருக்கிற பெரியம்மாளிடம் போய் அதைச் சொல்லிக் கொடுத்தான். காப்பிப் பழம் பறித்தே காலம் போக்கிய கிழவி. வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டாள்.

"ஆயம்மான்னு ஒரு பொம்பள இங்க இருந்துச்சு, ஆத்தா. அது புருசன் ஒருநாள் உப்பு வாங்கிட்டு வர்றேன்னு போடிக்கு எறங்குனான். ரசீது கிசீதெல்லாம் அவன் மடியிலதான் இருந்துச்சு. போனவன் வரவே இல்ல. அந்தப் பொம்பள காத்துக் காத்துக் கெடந்து செத்துப்போச்சு. வீடும் விழுந்துபோச்சு. ஆபீசரு கேட்டா இதச் சொல்லணும்."

"அவ புருசன் பேரு என்ன அப்பு?"

"பேரு எதுக்கு? ஓடிப்போனவனுக்கு எவன் பேரு கேக்கப் போறான்."

பெரியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாவி மட்ட, உப்பு வாங்கவா போனான்" என்றாள். இல்லாத ஒருவனை அவள் அப்படி மனதாரத் திட்டியதில் சிவக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. சாட்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சுவர் எழும்பி, இடிந்து, மோர் குடித்து முடித்தது. அடுப்புக்குக் கரி ஏற்றும் நாளில் பவதாரணியும் கூட வந்தாள். பாண்டியராஜன் டியூபை எடுத்து வெட்ட ஆரம்பித்ததைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"எங்கப்பா மண்ணுல நான் ஒக்காந்து சமைக்கப் போற எடம். மொத மொதல்ல அடுப்புல ரப்பரக் கொளுத்துவீங்களா?"

"சும்மா கரிக்குத்தான் தாயி" என்றான் பாண்டியராஜன்.

அவள் கேட்கவில்லை. கீழே வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சீராக வந்த சின்ன வெண்கலப் பானை, கழுத்தில் 'பவதாரணி' என்று பேர் வெட்டியது, புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக மின்னியது. தூக்குச் சட்டியில் பால். விறகைக் கூட்டிப் பானையை ஏற்றி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். பால் பொங்கிச் சுற்றி வழிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். கூரை இல்லாத, பாதிச் சுவர் விழுந்து கிடக்கிற இடத்தில் புதுமனை புகுகிறவள் மாதிரி அவள் கும்பிட்டதைப் பார்த்துச் சிவக்குமாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். சீனி போட்டு மூன்று பேரும் குடித்தார்கள். பெரியம்மாளுக்கும் ஒரு டம்ளர் போயிற்று.

திரும்பும்போதுதான் அவள் தயங்கினாள். பால் காய்ச்சின வீட்டை அன்றைக்கு வெறுமனே விட்டுவிட்டு வரக் கூடாது. வீட்டுக்காரி இருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒரு ஆளாவது படுத்து எழுந்திருக்க வேண்டும். காலி வீட்டில் பாலைக் காய்ச்சிக் கூப்பிட்டுவிட்டு நாம் எழுந்து போனால், கூப்பிட்டதற்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். அவள் அம்மா வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்.

"இது வீடே இல்ல பவா. செட்டிங்கு" என்றான் சிவக்குமார். "வெரசா வா, மேகம் எறங்குது."

"பால் பொங்குச்சே" என்றாள் அவள். பானையை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். இனி அது அந்த அடுப்பின் பானை என்றாள்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. பாண்டியராஜன் மேலே போய் வந்தவன், "அண்ணே, அடுப்ப யாரோ மொழுகி வச்சிருக்காக" என்றான். மறுமுறை போனவன் அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது என்றான். மூன்றாவது முறை ஓடு சரிபார்க்க உள்ளே குனிந்தபோது, பின்னால் இருந்து ஒரு பொம்பளைக் குரல் "யாரது?" என்று கேட்டதாம். வீட்டு ஆள் கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டதாம். அவன் கரண்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

"பெரியம்மாளா இருக்கும்டா."

"அந்தக் கெழவி வெளிய எலுமிச்சம்பழம் பொறுக்கிட்டு நின்டுச்சுண்ணே. அதுக்கும் கேட்டுருக்கு. அது என்னயப் பாத்து, ஆயம்மா கேக்கறா, பதில் சொல்லிட்டுப் போன்னுச்சு. இனிமே அந்தச் சோலிக்கு என்னயக் கூப்புடாதீங்க."

சிவக்குமார் நம்பவில்லை. ஊரையே நம்ப வைக்கிறவன் எதையும் நம்ப மாட்டான், அதுதான் அந்தத் தொழிலின் சாபம். ஆனால் பவதாரணி நம்பினாள். சாப்பிட உட்கார்ந்தால் கை சோற்றிலேயே நின்றுவிடும். "அங்க ஒருத்தி தனியா இருக்காங்க" என்பாள். "நம்ம தான கூப்புட்டோம். விட்டுட்டு வந்துட்டோம்." வாரம் தவறாமல் முத்துப்பாண்டியின் ஜீப்பில் ஏறி மேலே போய்வர ஆரம்பித்தாள். காலையில் தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிப் போய்ப் பொழுது சாய இறக்கி வருகிற ஜீப் அது. போய்விட்டு வந்தால் முகம் தெளிந்திருக்கும். ஒருநாள் சிவக்குமாரும் உடன் போனபோது, பெரியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஆயம்மா, எல பறிச்சு வச்சிருக்கேன், வந்து எடுத்துக்க" என்றாள். பவதாரணி நின்றாள். பிறகு, "வர்றேன் ஆத்தா" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

"அவ உன்னயவா கூப்புட்டா?" என்று கேட்டான்.

"வேற யாரு இருக்கா இங்க?" என்றாள்.

அவன் அதற்கு மேல் கேட்க வாயெடுத்தான். ஆனால் மறுவாரம் ஆய்வுக்கு வருகிறார்கள். இந்த நேரத்தில் இதையெல்லாம் கிளறினால் ஆகுமா?

ஆய்வுக்கு வந்தது இளவயசுப் பெண் அதிகாரி. காலில் ஷூ, கையில் அளக்கிற டேப், வாயில் பேச்சு குறைவு. இந்த மாதிரி ஆட்களிடம்தான் சிவக்குமாருக்குப் பயம். அவர் சுவரைத் தடவினார். பாசியை நகத்தால் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட உள்ளேயும் பாசி இருந்தது. சிவக்குமாரே ஆச்சரியப்பட்டான். ஒரு மழைதானே பெய்தது, இவ்வளவு ஆழமாகவா பிடிக்கும்? கைராசிதான் என்று தேற்றிக்கொண்டான்.

"இந்த ஆணியெல்லாம் யார் அடிச்சது?" என்று கேட்டார் அதிகாரி.

அப்போதுதான் அவன் பார்த்தான். நிற்கிற சுவரில், ஆள் உயரத்துக்கு, நாலு ஆணி வரிசையாக. நாலும் துருவேறிச் சுவரோடு சுவராகக் கிடந்தன. அவன் அடிக்கவில்லை. பாண்டியராஜன் அடிக்கவில்லை. பவதாரணியைப் பார்த்தான். அவளும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கேயோ வைத்து மறந்த பொருளைப் பார்க்கிற மாதிரி.

பெரியம்மாள் முந்திக்கொண்டாள். "ஆயம்மா அடிச்சதும்மா. வந்த புதுசுல அவளுக்கு அதான் சோலி. அடிப்பா, எட்ட நின்டு பாப்பா, சிரிப்பா. மாட்ட ஒன்னுமில்ல, ஆணி மட்டுந்தான். அவ புருசன் உப்பு வாங்கப் போடிக்கு எறங்குனான், வரவே இல்ல. ரசீதெல்லாம் அவன் மடியில போச்சு." சொல்லிக்கொண்டு வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்ல பொம்பளம்மா. எலுமிச்ச எலயக் கிள்ளிப் போட்டு மோர் தருவா. அவ கையால குடிச்ச மோரு இன்னும் நாக்குல நிக்குது."

மோரில் எலுமிச்சை இலை கிள்ளிப் போடுவது பவதாரணியின் பழக்கம். சிவக்குமார் அதைக் கிழவிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இவள் போகவர இருந்ததில் கிழவி குடித்திருப்பாள், கதையில் சேர்த்துவிட்டாள், அவ்வளவுதான். மனசு எதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது.

அதிகாரி அடுப்பின் மேல் புறங்கையை வைத்தார். "சூடா இருக்கே. இப்பவும் யாராவது இருக்காங்களா?"

"ஆடு மேய்க்கிறவங்க டீ போட்டிருப்பாங்க மேடம்."

அவர் தலையாட்டினார். போகும்போது, "பரவாயில்லை. நிறைய பேர் பொய்யா ஒரு குட்டிச்சுவரைக் காட்டுவாங்க. இது நிஜமாவே ஆள் வாழ்ந்த வீடு, பார்த்தாலே தெரியுது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டுச் சிவக்குமாருக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை வருஷத் தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு அவன் வாங்கியதில்லை.

பங்குனி பிறந்த சில நாளில், காலையில், இருவரும் மேலே போயிருந்தார்கள். பவதாரணி அடுப்பங்கரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் டவர் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்றபோது போன் வந்தது. உத்தரவு தயார். அதிகாரி மாற்றலாகிப் போகிறார், இன்றைக்கே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும், நாளைக்கு என்றால் பிறகு எப்போது என்று சொல்ல முடியாது.

குதிக்காத குறையாக இறங்கி வந்தான். "வந்துருச்சு பவா! கெளம்பு, போயி வாங்கிட்டு வந்துருவோம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. நான் இருக்கேன். அன்னைக்கி விட்டுட்டு வந்த மாதிரி இன்னைக்கும் விட்டுட்டு வர மாட்டேன். பாவம், எத்தன நாளைக்கி அவளே பாத்துக்கிட்டு இருப்பா?"

"எவ?"

அவள் சிரித்துவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள். வெண்கலப் பானையில் உலை வைத்திருந்தாள். அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அன்று சாமான் ஏற்றக் காலையிலேயே கீழே கிளம்பிய முத்துப்பாண்டியின் ஜீப் ரோட்டில் ஹாரன் அடித்தது. சிவக்குமார் பையை எடுத்துக்கொண்டு ஓடினான். இலவமரத்தைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, வர்றப்ப உப்பு கொண்டாங்க. மறந்துட்டு வந்துட்டேன்."

"சரி சரி" என்று கையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.

ஜீப் இரண்டு வளைவு இறங்கியது. மேகம் ரோட்டில் படுத்துக் கிடந்தது. மூன்றாவது வளைவில்தான் அந்தச் சொல் அவன் காதில் திரும்பி வந்து விழுந்தது. உப்பு. உப்பு வாங்கப் போடிக்கு இறங்கினான், போனவன் வரவே இல்லை. அவன் வாயால், அவனே உண்டாக்கிய வார்த்தை.

"முத்துப்பாண்டி, வண்டியத் திருப்பு."

"இதுல எங்கிட்டுண்ணே திருப்ப? கீழ எடம் வந்ததும் திருப்புறேன். எதயும் மறந்துட்டீகளா?"

கீழே வண்டி திரும்புகிற இடம் வந்தது. முத்துப்பாண்டி வேகத்தைக் குறைத்து அவன் முகத்தைப் பார்த்தான். சிவக்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். திரும்பி ஏறினால் அதிகாரி கிளம்பிவிடுவார். பங்குனி போய்விடும். பவதாரணிக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். உப்பு என்றால் உப்புதான், அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? பட்டப்பகலில் பேய்க்குப் பயந்தேன் என்று அவளிடமே எந்த முகத்தோடு சொல்வது?

"ஒன்னுமில்ல. போ" என்றான். அந்த ஒரு வார்த்தையை அவன் விழுங்கியிருக்கலாம். விதி யாரை விட்டது!

உத்தரவு கைக்கு வந்தது. 'மேற்படி இடத்தில் குடியிருப்பு வீடு இருந்தது உண்மை எனக் கள ஆய்வில் தெரிய வருகிறது' என்று தொடங்கியது. கடைத்தெருவில் ஒரு கிலோ கல்லுப்பு வாங்கினான். ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தால் வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. வளைவில் பாறை உருண்டு ரோட்டை அடைத்துவிட்டது, காலையில்தான் வழி விடுவார்கள் என்றார்கள். மழையே இல்லாமல் எப்படி உருண்டது என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். அவளுக்குப் போன் போட்டான். டவர் கிடைக்கவில்லை. போட்டுக்கொண்டே இருந்தான்.

விடிந்ததும் பாறை கிடந்த இடம் வரைக்கும் ஜீப்பில் போய், அங்கிருந்து கல்லில் ஏறிக் கடந்து நடந்தான். மேகம் முகத்தில் ஈரமாக மோதியது. ஒரு கையில் உப்புப் பொட்டலம், சட்டைக்குள் உத்தரவு. பவா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் போனான். நிலத்து முகப்பில் இருந்த இரண்டு இலவமரமும் அவனுக்குப் பிடிபடவில்லை. நேற்று ஒற்றைக் கையில் அணைத்துப் பிடிக்கிற பருமன். இன்று இரண்டு ஆள் கட்டிப் பிடிக்கிற பருமனாக நின்றன.

வீடு விழுந்து கிடந்தது. அவன் தள்ளிய பக்கம் மட்டுமல்ல, எல்லாப் பக்கமும். அடுப்பங்கரைக்கு நடுவே ஓர் அத்திமரம் முளைத்து, வேர் சுவரைப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. நிற்கிற ஒரு துண்டுச் சுவரில் நாலு ஆணியும் இருந்தன. தொட்டதும் ஒன்று தூளாகிக் கையோடு வந்தது. அடுப்பு மண்ணோடு மண்ணாகிக் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தான். இத்தனை நாளில் முதல்முறையாக அது சில்லென்றிருந்தது.

வேருக்கு இடையில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. மண்டியிட்டுத் தோண்டி எடுத்தான். பானை. களிம்பு ஏறி, ஒரு பக்கம் நசுங்கி, அடியில் ஓட்டை விழுந்திருந்தது. கழுத்தை வேட்டியால் அழுத்தித் துடைத்தான். எழுத்துத் தேய்ந்து போயிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. நேற்றுக் காலையில் இதில்தான் அரிசி கொதித்தது.

"யாரு அப்பு? ஆபீசுல இருந்து வர்றீகளா?"

பெரியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். கூன் விழுந்திருந்தது. கண்ணில் பூ விழுந்திருந்தது. அவனைப் பார்த்தாள், ஆனால் அடையாளம் தெரியவில்லை.

"ஆத்தா... இங்க இருந்த பொம்பள..."

"ஆயம்மாளா? அவ செத்து எம்புட்டோ வருசமாச்சே. அவ புருசன் உப்பு வாங்கிட்டு வர்றேன்னு போடிக்கு எறங்குனான். ரசீதெல்லாம் அவன் மடியிலதான் இருந்துச்சு. போனவன் வரவே இல்ல." அவன் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தைகள், ஒன்று கூட மாறவில்லை. அதற்கு மேல் இருந்தவைதான் அவன் சொல்லிக் கொடுக்காதவை. "நாங்க எம்புட்டோ சொன்னோம், கீழ போயி ஒன் ஆளுக கூட இருன்னு. கேக்கல. வீட்ட விட்டுட்டு வந்தா வேற யாராச்சும் வந்துருவாகன்னா. உப்பில்லாமயே சோறாக்கித் தின்டா, அவரு கொண்டாந்ததும் போட்டுக்கிறேன்னு. கண்ண மூடுறப்பக் கூட, கதவச் சாத்திராதீங்க, அவரு இப்ப வந்துருவாருன்னுதான் சொன்னா. அவ பேரு ஆயம்மாளே இல்லையாம், வேற என்னமோ சொல்லுவா. எங்களுக்கு வாயில நொழையல."

சிவக்குமார் அழுதான். வாய்விட்டு, வெட்கமில்லாமல், பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். சட்டைக்குள் உத்தரவு மொடமொடவென்றது. வீடு இருந்தது உண்மை என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் வாங்கிய உத்தரவுகளிலேயே பொய் கலக்காதது அது ஒன்றுதான்.

பெரியம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். "நீங்க அவளுக்கு என்ன வேணும் அப்பு?"

அவன் உப்புப் பொட்டலத்தை எடுத்து, அடுப்பு இருந்த இடத்தில் வைத்தான்.

கிழவி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஒரு கிலோ உப்புக்கு இம்புட்டு நாளா அப்பு?"